அ. லலிதா: கிண்டிப் பட்டமும் லண்டன் பதிவும்

செப்டம்பர் 15 இன்ஜினீயர்கள் தினம் என்பதால், இந்தக் காலாண்டு இதழுக்கு ஒரு இன்ஜினீயரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி கமிட்டியில் கேட்டார்கள். விஸ்வேஸ்வரய்யாவைப் பற்றி எழுதினால் நம் பிளாக் பிள்ளைகளே இது பாடப் புத்தகத்தில் இருக்கிறதே என்பார்கள். அதனால் நம் ஊர்க்காரர் ஒருவரை எடுத்துக்கொண்டேன். அய்யலசோமயாஜுல லலிதா, சுருக்கமாக அ. லலிதா. கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண். நாட்டின் முதல் பெண் எலக்ட்ரிகல் இன்ஜினீயர்.

மகளிர் தினம் வந்தால் வாட்ஸ்அப்பில் இவருடைய படம் வரும். இளம் விதவை, கைக்குழந்தை, கிண்டியில் பட்டம் என்று மூன்று வரி இருக்கும், அத்தோடு முடிந்துவிடும். பட்டத்துக்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. பட்டம் கிடைத்தது 1944ல். இவரும் முழுத் தகுதி பெற்ற இன்ஜினீயர்தான் என்று லண்டனில் இருந்த மின் பொறியாளர் சங்கத்தின் பதிவேட்டில் பெயர் ஏறியது 1953ல். இடையில் 9 வருடம். அந்த 9 வருடக் கணக்கைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதப் போகிறேன். ஆனால் முன்கதை தெரியாமல் அது புரியாது.

லலிதா 1919 ஆகஸ்ட் 27 அன்று சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். ஏழு குழந்தைகளில் ஐந்தாவது. தந்தை பப்பு சுப்பா ராவ், கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியில் எலக்ட்ரிகல் பிரிவுப் பேராசிரியர். அக்கால வழக்கப்படி அந்த வீட்டில் பையன்கள் இன்ஜினீயரிங் படித்தார்கள். பெண்கள் ஓரளவு படித்ததும் கல்யாணம். லலிதாவுக்கும் 1934ல், 15 வயதில், கல்யாணம் ஆயிற்று. 1930ல் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 வயது முடிந்திருக்க வேண்டும் என்றுதான் சொன்னது. ஆகவே சட்டப்படி அதில் குறை இல்லை. கல்யாணத்துக்குப் பிறகும் எஸ்.எஸ்.எல்.சி. வரையாவது படிப்பு நிற்கக் கூடாது என்பதில் தந்தை உறுதியாக இருந்தார்.

1937ல் கணவர் இறந்துவிட்டார். லலிதாவுக்கு வயது 18. பெண் குழந்தைக்கு 4 மாதம்.

அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட குடும்பங்களில் இளம் விதவையின் நிலைமை என்ன என்பதை நம்மில் மூத்தவர்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பார்கள். மறுமணம் பேச்சே கிடையாது. நல்ல காரியங்களில் முன்னே வரக் கூடாது. அப்பா வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ ஒரு மூலையில் சமையலுக்குத் துணையாக இருந்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஆனால் சென்னையில் அப்போதே ஒரு மாற்று வழி திறந்திருந்தது. சகோதரி சுப்புலட்சுமி, தாமும் குழந்தைப் பருவத்திலேயே விதவையானவர், 1912 வாக்கில் இளம் விதவைகளுக்கென்று இல்லம் தொடங்கிப் படிக்க வைத்தார். 1914ல் தொடங்கிய ராணி மேரிக் கல்லூரியில் அவர்களில் பலர் படித்தார்கள். லலிதாவும் ராணி மேரியில் சேர்ந்து இன்டர்மீடியட்டை முதல் வகுப்பில் தேறினார்.

அடுத்து என்ன படிப்பது? பெண்களுக்கு மருத்துவம் புதிதல்ல. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். முத்துலட்சுமி ரெட்டி 1912ல் அங்கே தேறியவர். லலிதாவும் மருத்துவத்தை யோசித்துப் பார்த்தார். ஆனால் டாக்டரை நடுராத்திரியிலும் வந்து எழுப்புவார்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அது முடியாது. காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் வேலை வேண்டும் என்று பார்த்தார். தந்தை, அண்ணன் தம்பி என்று வீடு முழுக்க இன்ஜினீயர்கள். தானும் இன்ஜினீயரிங் படித்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. புரட்சி செய்யக் கிளம்பியவர் அல்ல. குழந்தையை வளர்க்க ஒழுங்கான நேரத்தில் ஒரு வேலை தேடியவர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

கிண்டிக் கல்லூரியின் வேர் 1794ல் தொடங்கிய சர்வே பள்ளி. ஏறக்குறைய 150 வருடத்தில் ஒரு பெண்கூட அங்கே இன்ஜினீயரிங் படித்ததில்லை. சுப்பா ராவ் தம் மகளுக்காகக் கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேசினார். அவர் சம்மதித்தார். அதன்பின் மாகாணத்தின் பொதுக் கல்வி இயக்குநராக இருந்த ஆர். எம். ஸ்டேதம் என்ற ஆங்கிலேயரின் அனுமதி வேண்டியிருந்தது. அவரும் கொடுத்தார். பேராசிரியரின் மகள் என்பதால் கதவு கொஞ்சம் சுலபமாகத் திறந்தது என்று சொன்னால் தப்பில்லை. ஆனால் கதவைத் திறந்துவிடலாம். நான்கு வருடப் பாடத்தை வேறு யாரும் படித்துக் கொடுக்க முடியாது.

1940ல் சேர்ந்தார். நூற்றுக்கணக்கான பையன்கள் நடுவே ஒரே பெண். சக மாணவர்களால் தொல்லை எதுவும் இல்லை. கல்லூரி அவருக்குத் தங்குவதற்குத் தனி ஏற்பாடு செய்து கொடுத்தது. குழந்தை அண்ணன் வீட்டில் வளர்ந்தது. சனி ஞாயிறுகளில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். கஷ்டம் தனிமைதான். மாலையில் பேசுவதற்குக்கூட ஒரு பெண் துணை கிடையாது. இதற்குத் தந்தை கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. கிண்டியில் இனிப் பெண்களும் சேரலாம் என்று பத்திரிகையில் அறிவிப்பு வர ஏற்பாடு செய்தார். அடுத்த வருடமே கேரளப் பகுதியிலிருந்து இரண்டு பெண்கள் வந்து சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். ஒருவர் லீலாம்மா ஜார்ஜ், மற்றவர் பி. கே. திரேசியா. தன் பெண்ணுக்குத் துணை தேடப்போய்க் கல்லூரிக்கே புதுப் பழக்கத்தை உண்டாக்கிவிட்டார்.

உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் படிப்புக் காலத்தைச் சுருக்கினார்கள். ஆகவே ஒரு வருடம் பின்னால் சேர்ந்த அந்த இருவரும் லலிதாவோடு ஒன்றாகவே முடித்தார்கள். 1943ல் தேர்வு, 1944 பிப்ரவரியில் பட்டம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இன்ஜினீயரிங் பட்டச் சான்றிதழ் ஆண்பாலில்தான் அச்சடிக்கப்பட்டிருந்தது. பெண் ஒருத்தி வாங்குவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் அவன் என்று அச்சாகியிருந்த இடத்தை அடித்துவிட்டு, மேலே கையால் அவள் என்று எழுதிக் கொடுத்தார்கள். வங்கியில் அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் கேட்போம். இந்தத் திருத்தத்துக்கு யார் சுருக்கொப்பம் போட்டார்களோ!

கூடப் படித்தவர்களைப் பற்றி ஒரு வரி. திரேசியா கேரளத்தில் பொதுப்பணித்துறையில் படிப்படியாக உயர்ந்து 1971ல் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்த நாட்டில் ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

இப்போது அந்த 9 வருடத்துக்கு வருகிறேன். அதற்கு முன் பதிவு என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும்.

நான் காமர்ஸ் படித்தவன், ஆகவே எனக்குத் தெரிந்த உதாரணத்தைச் சொல்கிறேன். பி.காம். படித்தவர் எல்லோரும் ஆடிட்டர் ஆகிவிட முடியாது. சி.ஏ. தேறி, ஆர்ட்டிகிள்ஷிப் முடித்து, 1949ம் வருடச் சட்டப்படி அமைந்த சங்கத்தில் பெயரைப் பதிந்த பிறகுதான் பேலன்ஸ் ஷீட்டில் கையெழுத்துப் போடலாம். வக்கீலுக்கு 1961ம் வருடச் சட்டம், ஆர்க்கிடெக்டுக்கு 1972ம் வருடச் சட்டம். டாக்டருக்கு அதற்கும் வெகு முன்பே வந்துவிட்டது. ஆனால் இன்ஜினீயருக்கு மட்டும் நாடு முழுவதற்குமான அப்படியொரு பதிவுச் சட்டம் இதை எழுதும் நாள்வரை நம்மிடம் இல்லை. பி.இ. முடித்தவுடன் பெயருக்குக் கீழே இன்ஜினீயர் என்று போர்டு மாட்டிக்கொள்ளலாம். யாரும் கேட்க மாட்டார்கள். கட்டட வரைபடத்தில் கையெழுத்துப் போடுவது போன்ற சில காரியங்களுக்குத்தான் உள்ளூர் அமைப்புகள் பதிவு கேட்கின்றன. நம் பொதுக்குழுவிலும் ஸ்ட்ரக்சுரல் ஆடிட் என்றால் உடனே சார்ட்டர்ட் இன்ஜினீயர்தானா என்று யாராவது கேட்கிறோம். அந்தச் சார்ட்டர்ட் என்ற வார்த்தை பிரிட்டனிலிருந்து வந்தது.

அங்கே இதைச் சர்க்கார் நேரடியாகச் செய்யவில்லை. இன்ஜினீயர்களே சங்கம் அமைத்து, அரசரிடம் சாசனம் வாங்கி, தங்களில் யார் தகுதியுள்ளவர் என்பதைத் தாங்களே பரிசோதித்துச் சொல்லும் ஏற்பாடு அது. மின்சாரத் துறைக்கு அப்படி இருந்தது இன்ஸ்டிடியூஷன் ஆஃப் எலக்ட்ரிகல் இன்ஜினீயர்ஸ். 1871ல் தந்திப் பொறியாளர்களின் சங்கமாகத் தொடங்கி, பின்னால் பெயர் மாறி, 1921ல் அரச சாசனம் பெற்றது. ஏணி மாதிரி படிகள் உண்டு. முதலில் கிராஜுவேட்ஷிப் என்ற தேர்வு. அதில் தேறினால் சங்கத்துக்குள் ஒரு கால் வைக்கலாம், அவ்வளவுதான். அதன்பின் முறையான பயிற்சி வேண்டும். அதன்பின் பொறுப்புள்ள வேலையில் சில வருடம் இருந்து காட்ட வேண்டும். ஏற்கெனவே உறுப்பினராக உள்ள இன்ஜினீயர்கள், இவரை எங்களுக்குத் தெரியும், தகுதியானவர் என்று கையெழுத்துப் போட வேண்டும். இத்தனையும் சரியாக இருந்தால்தான் அசோசியேட் மெம்பர். அந்தப் படி ஏறியவர்தான் சார்ட்டர்ட் எலக்ட்ரிகல் இன்ஜினீயர். அதற்கும் மேலே முழு மெம்பர்.

இந்தச் சங்கத்தில் முதன்முதலில் ஒரு பெண்ணை உறுப்பினராகச் சேர்த்தது 1899ல். ஹெர்தா அயர்ட்டன் என்ற ஆங்கிலப் பெண்மணி, ஆர்க் விளக்கு ஏன் சீறுகிறது என்று ஆராய்ந்தவர். அதே அம்மையாரை 1902ல் ராயல் சொசைட்டிக்கு முன்மொழிந்தபோது, கல்யாணமான பெண்ணைச் சேர்க்க விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். லண்டனில் கணவர் இருப்பது தடையாக இருந்தது. நம் ஊரில் கணவர் இல்லாதது.

லலிதா இந்த ஏணியில் எப்படி ஏறினார் என்று பார்ப்போம். பட்டத்துக்குப் பட்டறைப் பயிற்சி தேவை. ஒரு வருடம் பீகாரில் ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி பெற்றார். 1862ல் தொடங்கிய பெரிய பட்டறை அது. நீராவி இன்ஜின்களைக் கழற்றிப் பழுது பார்த்துப் பூட்டும் இடம். கரி, எண்ணெய், சம்மட்டிச் சத்தம். ரயில்வேயின் உயர் அதிகாரிகளாக வரப்போகும் அப்ரென்டிஸ்களுக்கு 1927 முதல் அங்கேதான் பயிற்சி. புடவை கட்டிய பெண்ணைப் பார்த்துப் பழகிய இடமாக அது இருந்திருக்க முடியாது. பயிற்சியை முடித்தார்.

1944 டிசம்பரில் சிம்லாவில் மத்தியத் தர நிர்ணய அமைப்பில் இன்ஜினீயரிங் அசிஸ்டென்ட் வேலை கிடைத்தது. 1946 வரை அங்கே இருந்தார். அந்தச் சமயத்தில்தான் லண்டன் சங்கத்தின் கிராஜுவேட்ஷிப் தேர்வை எழுதித் தேறினார். பகலில் ஆபீஸ், பொறுப்பில் ஒரு சின்னக் குழந்தை, அதற்கு நடுவில் பரீட்சைக்குப் படிப்பு. நம் வங்கிகளில் சி.ஏ.ஐ.ஐ.பி. எழுதியவர்களுக்கு இது தெரியும். ஆனால் எங்களுக்கு ஒரு பகுதி தேறினால் ஒரு இன்க்ரிமென்ட் என்று ஆசை காட்டினார்கள். ஆசிரியரோ சீனியரோ பக்கத்து நாற்காலியில் கிடைப்பார். லலிதாவுக்கு முன்னால் இந்த நாட்டில் எந்தப் பெண்ணும் அந்த வழியில் போனதில்லை, எப்படிப் போவது என்று கேட்பதற்கு. பி.இ. பட்டம் ஏற்கெனவே கையில் இருந்தது. வேலையும் இருந்தது. அத்தோடு நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதன்பின் வேலையை விட்டுவிட்டுச் சென்னை திரும்பித் தந்தையின் ஆராய்ச்சிகளுக்கு உதவினார். சுப்பா ராவ் சும்மா இருக்கும் ஆள் இல்லை. ஜெலக்ட்ரோமோனியம் என்று மின்சாரத்தில் வாசிக்கும் ஓர் இசைக்கருவி, புகையில்லா அடுப்பு, மின்சாரச் சுவாலைக் கருவி என்று என்னென்னவோ செய்துகொண்டிருந்தார். கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் மாதச் சம்பளம் வராது. சுமார் 9 மாதத்தில் லலிதா மறுபடி வேலை தேடத் தொடங்கிவிட்டார்.

1948ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ், சுருக்கமாக ஏ.இ.ஐ., என்ற பிரிட்டிஷ் கம்பெனியில் சேர்ந்தார். டர்பைன், ஜெனரேட்டர், டிரான்ஸ்பார்மர் எல்லாம் செய்யும் பெரிய நிறுவனம். கல்கத்தாவில் இரண்டாவது அண்ணன் குடும்பம் இருந்தது ஒரு முக்கிய காரணம். ஒரு விதவை தனியாக வீடு எடுத்துத் தங்குவதென்பது அன்று நடக்காத காரியம். அண்ணன் வீட்டில் தங்கினார். அண்ணி குழந்தையைப் பார்த்துக்கொண்டார். இந்தக் கதையில் அந்த அண்ணிக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். காலை 9 மணிக்கு ஒரு பெண் நிம்மதியாக ஆபீஸ் கிளம்ப வேண்டும் என்றால் வீட்டில் இன்னொரு பெண் நிற்க வேண்டியிருக்கிறது.

ஏ.இ.ஐ.யில் அவருடைய வேலை மின்கம்பித் தடங்களை வடிவமைப்பது, சப்ஸ்டேஷன் அமைப்பு, பாதுகாப்புக் கருவிகள், பிறகு ஒப்பந்தங்களை நிறைவேற்றிக் கொடுப்பது. இவையெல்லாம் என்ன என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் பொறுப்புள்ள வேலை என்று சங்கம் கேட்பது இதைத்தான்.

இரண்டு டவர்களுக்கு நடுவே கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டிவிட முடியாது. குளிரில் சுருங்கும், இழுவை தாங்காமல் அறும், அல்லது டவரைச் சாய்க்கும். ரொம்பத் தளர்வாக விட்டால் வெயிலில் நீண்டு தொங்கி, கீழே போகும் வைக்கோல் வண்டியைத் தொடும். கோடை, குளிர், காற்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டு எவ்வளவு தொய்வு விடுவது, டவர் எவ்வளவு உயரம், ஆற்றைக் கடக்குமிடத்தில் என்ன செய்வது என்று தீர்மானிக்க வேண்டும். கால்குலேட்டர் கிடையாது. ஸ்லைடு ரூலும் பென்சிலும்தான். பாதுகாப்புக் கருவி என்பது நம் வீட்டு மெயின் போர்டில் உள்ள எம்.சி.பி.யின் பெரிய அண்ணன். எங்கே ஷார்ட் ஆனதோ அந்த இடத்தை மட்டும் துண்டிக்க வேண்டும். மூன்றாவது மாடியில் அயர்ன் பாக்ஸ் பழுதானால் மூன்றாவது மாடி எம்.சி.பி. விழ வேண்டுமே தவிர மொத்த பிளாக்கும் இருட்டாகக் கூடாது அல்லவா, அதே கதைதான். அங்கே தப்பாகப் போனால் ஒரு மாவட்டமே இருட்டு. டிசைனில் கையெழுத்துப் போடுகிறவர் அதற்குப் பொறுப்பு.

சுதந்திரம் வந்த புதிது. நாடெங்கும் அணைகளும் மின் நிலையங்களும் எழுந்துகொண்டிருந்தன. சட்லெஜ் நதியில் 226 மீட்டர் உயரத்துக்கு பக்ரா அணை கட்டினார்கள். 1963ல் நேரு நாட்டுக்கு அர்ப்பணித்தார். அந்த பக்ரா நங்கல் திட்டத்தின் மின்சார வேலைகளிலும் லலிதாவுக்குப் பங்கு உண்டு. இங்கிலாந்தில் வடிவமைத்த சாதனங்களை இங்கே செய்யவும் பொருத்தவும் வேண்டியபோது நடுவில் நின்று இரு தரப்புக்கும் விஷயத்தை விளங்க வைப்பதும் அவர் வேலையாயிற்று.

ஐந்து வருடம் இப்படி வேலை செய்தபின், 1953ல், லண்டன் சங்கம் அவரை அசோசியேட் மெம்பராக ஏற்றுக்கொண்டது. வயது 34. கிண்டியில் காலடி வைத்ததிலிருந்து கணக்குப் பார்த்தால் 13 வருடம். சென்னைப் பல்கலைக்கழகம் சான்றிதழில் ஒரு வார்த்தையை அடித்துத் திருத்தித்தான் பட்டம் கொடுக்க முடிந்தது. லண்டன் சங்கத்துக்கு அந்தச் சங்கடம் 1899லேயே தீர்ந்திருந்தது. தேர்வுத் தாள், பயிற்சிச் சான்று, வேலை விவரம், உடன் வேலை செய்த இன்ஜினீயர்களின் கையெழுத்து, இவற்றைப் பார்த்துத்தான் முடிவு. முதல் பெண் என்பதற்காக யாரும் அங்கே இரக்கப்பட்டு இடம் கொடுத்துவிட மாட்டார்கள். அதனால்தான் முதல் பெண் இன்ஜினீயர் என்ற பட்டப்பெயரைவிட இந்த 1953ம் வருடத்தை நான் பெரிதாக நினைக்கிறேன்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பட்டதாரி என்றால் மேலதிகாரி சொல்வதைச் செய்பவர். பதிவு பெற்றவர் என்றால் சரி தப்பு சொல்லும் உரிமையும், தப்பாகிவிட்டால் பதில் சொல்லும் கடமையும் உள்ளவர். பிரிட்டிஷ் கம்பெனியில் வேலை செய்யும் ஓர் இந்தியருக்கு, அதிலும் ஒரு பெண்ணுக்கு, அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

1964 ஜூனில் நியூயார்க்கில் பெண் இன்ஜினீயர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாடு நடந்தது. அமெரிக்கப் பெண் இன்ஜினீயர்கள் சங்கம் நடத்தியது. லலிதாவுக்கும் அழைப்பு வந்தது. ஆனால் இந்தியாவில் அப்படியொரு சங்கம் அப்போது இல்லை. ஆகவே நாட்டின் பிரதிநிதி என்ற பெயரில் போக முடியவில்லை. தனி நபராகத்தான் போனார். 18 வயதில் வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டியவர், 44 வயதில் கடல் கடந்து போய், பல நாட்டுப் பெண் இன்ஜினீயர்களோடு சமமாக உட்கார்ந்தார். தனி நபராகப் போனது குறையாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அடுத்து அவர் செய்தது அதைச் சரிசெய்யும் வேலை. 1965ல் லண்டனில் உள்ள பெண் இன்ஜினீயர்கள் சங்கத்தில் உறுப்பினரானார். 1919ல் தொடங்கிய சங்கம். லலிதாவும் அதுவும் ஒரே வயது. 1967 ஜூலையில் இரண்டாவது மாநாடு கேம்பிரிட்ஜில் நடந்தபோது, அதற்கான இந்தியப் பிரதிநிதியாக இங்கிருந்து தொடர்பு வேலைகளை அவர்தான் பார்த்தார்.

இதற்கிடையில் 1965ல் பிரிட்டனின் பல இன்ஜினீயர் சங்கங்களும் சேர்ந்து ஒரு பொது மன்றத்துக்கு அரச சாசனம் பெற்றன. எல்லாத் துறைக்கும் பொதுவாகச் சார்ட்டர்ட் இன்ஜினீயர் என்ற பெயர் பரவியது அதன்பிறகுதான். 1966ல் லலிதா லண்டன் சங்கத்தின் முழு மெம்பர் ஆனார். ஏணியில் அவர் எழுதி வைத்த முதல் தேர்விலிருந்து சுமார் 20 வருடம்.

இதை நம் பிள்ளைகளுக்காகவும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாதைக்கு இப்போது லண்டனைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. இந்தியாவிலும் 1920ல் தொடங்கி 1935ல் அரச சாசனம் பெற்ற இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினீயர்ஸ் இருக்கிறது. தலைமையகம் லலிதா வாழ்ந்த அதே கல்கத்தாவில். கல்லூரிக்குப் போக வசதியில்லாமல் டிப்ளமோவோடு வேலைக்குப் போன எத்தனையோ பேர் அதன் ஏ.எம்.ஐ.இ. தேர்வை இரவில் படித்து எழுதி மேலே வந்திருக்கிறார்கள். அதிலும் அனுபவமும் உறுப்பினர் தகுதியும் சேர்ந்தால் சார்ட்டர்ட் இன்ஜினீயர் சான்று உண்டு. கேம்பஸில் வேலை கிடைத்ததோடு படிப்பு முடிந்தது என்று நினைக்கும் நம் காம்ப்ளெக்ஸ் இளைஞர்கள் ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம்.

லலிதா ஏ.இ.ஐ.யிலேயே தொடர்ந்தார். 1967ல் அந்தக் கம்பெனியை ஜி.இ.சி. என்ற இன்னொரு பிரிட்டிஷ் நிறுவனம் வாங்கியது. பலகையில் பெயர் மாறியது, அவருடைய மேஜை மாறவில்லை. மறுமணம் செய்துகொள்ளவில்லை. மகளை நன்றாகப் படிக்க வைத்தார். அப்பா இல்லாத குறை அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் வளர்த்தார். 1977ல் ஓய்வு பெற்றபோது அந்த ஆபீஸில் சுமார் 30 வருட சர்வீஸ். என் போன்ற கிளார்க்குகளுக்கே 30 வருடம் ஒரே இடத்தில் இருந்தால் நாற்காலி தேய்ந்துவிடும்.

ஓய்வுக்குப் பின் தென்னிந்தியா திரும்பித் தம் சகோதரியோடு ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்தார். ஊர் சுற்றுவதில் அவருக்கு எப்போதும் ஆசை. ஆனால் அதற்கு நேரம் கிடைத்தது இரண்டே வருடம்தான். மூளையில் ரத்தக்குழாய் வீங்கி, சில வாரங்கள் உடல்நலமில்லாமல் இருந்து, 1979 அக்டோபர் 12 அன்று காலமானார். வயது 60.